கிட்னி கொடுத்தவரைக் கேட்பார் யார்?

புதுக் கிட்னியோடு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தெருவே திரண்டு வந்து பார்க்கிறது. கிருமி தொற்றிவிடுமே என்று வாசற்படியிலேயே நின்று விசாரிக்கிறார்கள். "எப்படிப்பா இருக்கே? உடம்பைப் பார்த்துக்கோ!" என்கிறார்கள். ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் திண்ணையில் சேர்கின்றன.

கிட்னி கொடுத்த தாய் எங்கே?

அடுப்படியில் நிற்கிறாள். வந்தவர்களுக்குக் காப்பி போடுகிறாள், ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு!

"உங்களுக்கென்னக்கா, நல்லாத்தானே இருக்கீங்க!" அவளுக்குக் கிடைக்கும் விசாரிப்பு அவ்வளவுதான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. ஆபரேஷன் மேஜையில் படுப்பவர்கள் இரண்டு பேர். பெறுகிறவர் ஒருவர், கொடுக்கிறவர் ஒருவர். ஆனால் ஊரும் உறவும் சர்க்காரும் கணக்கில் வைப்பது ஒருவரைத்தான்!

ஒன்று போதும், ஆனால்...

உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்து முதன்முதலில் வெற்றி கண்ட ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். நாள் 1954 டிசம்பர் 23. இரட்டைப் பிறவிகளில் ரொனால்ட் ஹெரிக் கொடுத்தார், ரிச்சர்ட் பெற்றார். பெற்றவர் அதன்பின் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவரோ ஒற்றைக் கிட்னியோடு 56 ஆண்டுகள் வாழ்ந்து, 2010-ம் ஆண்டு 79-வது வயதில்தான் காலமானார். இந்தியாவில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் வெற்றி பெற்றது. இன்று சென்னை அரசு ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கிறது.

ஆகவே "கிட்னி கொடுத்தால் ஆயுசு போச்சு" என்று கிளப்பிவிடுவது வெறும் புரளி. நல்ல உடம்புக்காரருக்கு ஒரு சிறுநீரகம் போதும். எடுத்தபின் மிச்சமிருப்பது கொஞ்சம் பருத்து, கூடுதல் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று அடித்துச் சொல்வதும் நேர்மையாகாது. அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்லும் கணக்கு இது: கிட்னி கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு 90 பேர், ஆயுளில் ஒரு கட்டத்தில் தாங்களே சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகலாம். அதே அளவு ஆரோக்கியம் உள்ள, கொடுக்காதவர்களில் 14 பேர். பயந்து ஓட வேண்டிய கணக்கல்ல. ஆனால் கொடுக்கிறவரிடம் மறைக்கக் கூடாத கணக்கு! ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் - இந்த மூன்றையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க!

எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மகனுக்கு மாத்திரை வாங்கவே காசு பற்றாத வீட்டில், "எனக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்?

இரண்டு சம்பளமும் நிற்கிறது

காசுக் கணக்கைப் பார்க்கலாம். நோயாளியின் ஆபரேஷனுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. நல்ல காரியம், அது இல்லாவிட்டால் ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சை எட்டாக்கனி. ஆனால் கொடுப்பவரின் கைச்செலவு?

கொடுப்பவர் ஒரே நாளில் வந்து கொடுத்துவிட்டுப் போவதில்லை. ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், திசுப் பொருத்தம், மனநல டாக்டர், அதிகாரிகள் முன் விசாரணை என்று எத்தனையோ நடை! ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருகிறவரின் கூலியும் போகிறது. ஆபரேஷன் முடிந்து சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஆறு வாரத்துக்கு கனமான எதையும் தூக்கக் கூடாது.

குமாஸ்தா என்றால் எப்படியோ சமாளிப்பார். மூட்டை தூக்குகிறவர் என்ன செய்வார்? தண்ணீர் கேன் போடுகிறவர்? சித்தாள் வேலைக்குப் போகிற பெண்? நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள்? ஆறு வாரம் வராவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்கள். கணவனுக்கு மனைவி, மகனுக்குத் தாய், தம்பிக்கு அக்கா. நோயாளியின் சம்பளம் டயாலிசிஸ் காலத்திலேயே நின்றுபோயிருக்கும். அதுவரை உலையை எரியவிட்டது இன்னொருவரின் சம்பளம். ஆபரேஷனோடு அதுவும் நிற்கிறது. வாடகை நிற்குமா? பால் கணக்கு நிற்குமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் நிற்குமா? வட்டிக்காரரின் வாசலுக்குத்தான் போக வேண்டும்!

மத்திய சர்க்கார் ஊழியர் உறுப்பு தானம் செய்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023 ஏப்ரலில் உத்தரவு வந்தது. வரவேற்க வேண்டிய உத்தரவு. கொடுத்த உடம்புக்கு ஓய்வும் சம்பளமும் வேண்டும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு விட்டதே! ஆனால் தி.நகர் ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை கால் கடுக்க நிற்கிற பெண்ணுக்கு இந்த உத்தரவு எட்டாது. அவள் உடம்பு மட்டும் 42 நாளுக்கு முன்பே தேறிவிடுமா?

மனசுக்குள் ஒரு பாரம்

காசாவது எண்ணிப் பார்க்கக்கூடியது. மனசை யார் எண்ணுவது?

கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பின்னால் வருந்துவதில்லை என்றுதான் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. "எம் புள்ளை நடமாடறானே, அது போதும்" என்கிற நிறைவு சாதாரணமானதா? ஆனால் அந்த நிறைவுக்குள்ளேயே ஒரு வெறுமையும் வந்து உட்காருவதுண்டு. ஆபரேஷனுக்கு முதல் நாள் வரை தெய்வம் என்று தாங்கினார்கள். மறுநாள் முதல் எல்லோர் கண்ணும் நோயாளி மேல். வலியைச் சொன்னால் சொல்லிக்காட்டுவதாக ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வைத்த கிட்னி ஒட்டாமல் போனால்? பெற்றவருக்கு மறுபடி டயாலிசிஸ். கொடுத்தவருக்கோ, "நான் கொடுத்தது சரியில்லையோ" என்ற குமைச்சல். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கொடுக்க மனசில்லாதவர் பாடு இன்னும் மோசம். "பெத்தவ நீ இருக்கும்போது யாரைப் போய்க் கேக்கறது?" "புருஷனுக்குக் கொடுக்காம வேற யாருக்கு வெச்சிருக்கே?" இந்தப் பேச்சுக்கு எந்தப் பெண் எதிர்ப்பேச்சு பேசுவாள்? 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுத்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் பெண்கள். பெற்றவர்களிலோ நூற்றுக்கு 70 பேர் ஆண்கள். தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு இது. பாசம் பெண்ணுக்கு மட்டும்தான் சுரக்கிறதா? அல்லது, "குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற உடம்பு" என்று ஒன்றைப் பொத்திவைத்து, இன்னொன்றை முன்னால் தள்ளுகிறார்களா?

விலை வேறு, இழப்பீடு வேறு

"கொடுத்தவருக்குக் காசு கொடு என்றால் கிட்னி வியாபாரம் பெருகிவிடுமே!" என்று சிலர் பதறுவார்கள். பதறுவதில் நியாயம் இருக்கிறது. வில்லிவாக்கத்துக்கு "கிட்னிவாக்கம்" என்று கெட்ட பெயர் வாங்கித் தந்தது அந்த வியாபாரம். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் மீனவக் குடும்பங்களை வளைத்தது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னியைத் தரகர்கள் விலைபேசினார்கள் என்ற புகார் தமிழ்நாட்டையே உலுக்கியது.

விற்றவர்கள் வாழ்ந்தார்களா? சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாக 1,410 டாலர் தருவதாகப் பேசி, கையில் வந்தது 1,070 டாலர். நாலில் மூன்று பங்குப் பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. நூற்றுக்கு 86 பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். கிட்னியும் போச்சு, கடனும் நின்னுச்சு!

இந்தக் கொள்ளையைத் தடுக்க வந்ததுதான் 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம். 2011 திருத்தம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. விற்பதும் வாங்குவதும் குற்றம், அப்படியே இருக்கட்டும்.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறதே! எது "பணம் கொடுத்தல்" என்று விளக்கும் இடத்தில், உறுப்பு கொடுத்ததால் நேரடியாக ஏற்பட்ட நியாயமான செலவையும் வருமான இழப்பையும் ஈடுகட்டுவது அதில் சேராது என்று சட்டமே விலக்கு அளிக்கிறது. கிட்னிக்கு விலை தருவதுதான் குற்றம். ஆறு வாரக் கூலியை ஈடுகட்டுவது குற்றமே அல்ல. சட்டம் 30 ஆண்டுக்கு முன்பே திறந்து வைத்த கதவு இது. அதன் வழியே நடக்கத்தான் ஆளைக் காணோம்!

செய்ய வேண்டியது என்ன?

இந்த இழப்பீட்டை நோயாளியின் வீட்டார் தரக் கூடாது. தரகர் நுழைய வழியாகிவிடும். சர்க்காரே தர வேண்டும். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் சான்றிதழைப் பார்த்து, ஆறு வாரக் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தவரின் பெயரிலேயே பேங்க் கணக்கில் போய்ச் சேரட்டும். தொகையை வெட்டவெளிச்சமாக அறிவித்துவிட்டால் யாரும் விலைபேச முடியாது.

மத்திய சர்க்கார் ஊழியருக்கு உள்ள 42 நாள் விடுப்பு, கடை கம்பெனிகளில் வேலை பார்ப்பவருக்கும் வேண்டும். கொடுத்தவருக்குத் தனியாக ஒரு நோட்டு, ஆண்டுக்கு ஒரு முறை இலவசப் பரிசோதனை - இதற்கு ஆகும் செலவு, ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகும் செலவில் தூசு!

கொடுப்பவரைத் தனியே உட்கார வைத்து, "உனக்குச் சம்மதமா அம்மா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் அந்த ரகசியம் அந்த அறையைத் தாண்டக் கூடாது. அதே ஆள் ஆபரேஷனுக்குப் பிறகும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் அறிவித்தது. நாடே பாராட்டிய செயல். செத்தும் கொடுத்தவருக்கு மரியாதை செய்யத் தெரிந்த மாநிலத்துக்கு, இருந்து கொடுத்தவரின் ஆறு வாரக் கஞ்சிக்கு வழி செய்யத் தெரியாதா?

சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். அதுவரை ஊரார் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போகிறவர்கள் அடுப்படிப் பக்கமும் எட்டிப் பார்க்கட்டும். காப்பி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நீங்க உட்காருங்கக்கா. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கட்டும்.

இதற்குக் காசும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்!