வந்தி கேட்ட உதவி

ஆவணி மூலத் திருவிழாவில் மதுரைச் சோமசுந்தரப் பெருமான் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளிப் பிட்டுக்கு மண் சுமந்த லீலையை நடத்தியருளுகிறார். திருப்பரங்குன்றத்து முருகப் பெருமானும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அவ்விழாவுக்கு வந்து சேர்கிறார்கள். மண் சுமந்த பெருமானைத் தரிசிக்கும் பெருங்கூட்டத்தில், அவரை அங்கே வரவழைத்த வந்தியை நினைப்பவர்கள் சிலரே.

வைகை கரைபுரண்டது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது அரிமர்த்தன பாண்டியனின் ஆணை. அரசனின் ஏவலர்கள் கரையை அளந்து பங்கு பிரித்தபோது, பிட்டு விற்றுப் பிழைத்த அம்மூதாட்டிக்கும் ஒரு பங்கைக் குறித்துவிட்டுச் சென்றனர். கரையை அளந்தவர்கள் அவர் உடலின் வலிமையை அளக்கவில்லை. அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, கூப்பிட்டால் வர உறவினரும் இல்லை. தம்மால் இயலாது என்பதை வந்தி மறைக்கவில்லை. சொக்கநாதரிடம் வாய்விட்டு முறையிட்டார். கூலியாளாக வந்தவரிடம் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டார். உதவி பெறுவதில் அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை.

நம் இல்லங்களில் நடப்பது வேறு. மூன்று பிரதட்சிணம் ஒன்றாகக் குறைகிறது. பிறகு கொடிமரத்தடியிலேயே அமர்ந்து கும்பிட்டுத் திரும்புகிறோம். வளையல் முழங்கை வரை நழுவுகிறது; வேட்டியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. யாரேனும் கேட்டால், “வயதாகிவிட்டது, வேறென்ன?” என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

வயது மட்டுமே காரணமாகாது. எண்பதிலும் மலையேறுவோர் உண்டு. அறுபத்தைந்திலேயே தளர்ந்தோரும் உண்டு. இத்தளர்ச்சியை மருத்துவர்கள் தனி நிலையாகவே கருதுகிறார்கள். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீடும் அவருடைய குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே ஓராண்டில் நாலரைக் கிலோ அளவுக்கு எடை குறைதல், எதற்கெடுத்தாலும் அயர்வு, கைப்பிடியின் வலுக் குறைவு, நடையின் வேகம் குறைதல், நடமாட்டம் சுருங்குதல். இவற்றில் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படி. வாசற்படியில் நிற்பவர் பலர் திரும்பி வர இயலும் என்பதுதான் நாம் அறிய வேண்டிய செய்தி. கவனியாது விட்டால், மற்றவர் மூன்று நாளில் எழுந்துவிடும் காய்ச்சல்கூடத் தளர்ந்தவரைப் படுக்கையில் கிடத்திவிடும். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் தசையின் வலுவை இன்னும் குறைக்கும்.

மீளும் வழிகள் எளியவை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை நாள்தோறும் சில முறை பழகலாம். தொடக்கத்தில் அருகில் ஒருவர் நிற்கட்டும். நடையோடு இத்தகைய வலுவூட்டும் பயிற்சியும் தேவை. உணவில் புரதம் வேண்டும். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்பது முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிராம். இரவில் ரசஞ்சாதத்தோடு நிறுத்திக்கொள்வோருக்கு இதில் பாதியாவது கிடைக்குமா என்பது ஐயமே. இருநூறு மில்லி பாலில் ஆறு கிராம் அளவுக்கு உண்டு. பருப்பு, தயிர், பயறு ஆகியவற்றைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். (நவராத்திரிச் சுண்டலை ஒன்பது நாளோடு நிறுத்துவானேன்?) சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தளர்ந்த உடலோடு ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் இருப்பதைப் பக்தியின் உறுதியாக எண்ணுவோர் நம்மில் பலர். எட்டு வயது கடந்து எண்பது நிறையாதவர்களுக்கே ஏகாதசி உபவாசத்தைத் தர்மசாஸ்திரம் விதிக்கிறது. நீர், கிழங்கு, கனி, பால், மருந்து ஆகியவை விரதத்தைக் குலைப்பதில்லை என்பதும் சாஸ்திர வாக்கே. சாஸ்திரமே தந்த சலுகையை மறுப்பது வைராக்கியம் ஆகாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். கீழே விழுந்து நமஸ்கரித்துச் சட்டென்று எழும்போது தலை சுற்றுகிறது என்றால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் தாழ்வது காரணமாக இருக்கலாம். உட்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்றாலும் அது நேரலாம். மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. அதுவரை நின்றபடியே கைகூப்புங்கள், இறைவன் ஏற்பார்.

வந்தியைப் போலத் தனித்திருப்போர் இன்று எங்கும் உள்ளனர். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். சென்னை கிண்டியில் 2024 முதல் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது.

வந்தியின் கதையில் இன்னொன்றும் உண்டு. அரசனின் பிரம்படி விழுந்தது உதவ வந்தவரின் முதுகில். இன்றும் அப்படித்தான். தளர்ந்த மாமியாரை இரவும் பகலும் தூக்கி எடுத்துப் பராமரிக்கும் மருமகளுக்கே பல வீடுகளில் அறுபது வயதாகியிருக்கிறது. வெளியூரிலிருந்து இரண்டு நாள் வந்துபோகும் உறவினர் அவரிடமே குறை காண்கின்றனர். பெருமான் மேல் விழுந்த அடி எல்லார் முதுகிலும் பட்டது. இவர் மேல் விழும் சொல் இவருக்கு மட்டுமே வலிக்கிறது. பிரதோஷத்தன்று மாலை கோயிலில் கூடும் நம்மில் ஒருவர், அன்றைக்கு இரண்டு மணி நேரம் அப்பெரியவரின் கட்டிலருகே அமர்ந்து பேச்சுத் துணையாக இருந்தால், அந்த மருமகள் கோயிலுக்கு வந்து நந்திக்கு அபிஷேகம் பார்த்துவிட்டுப் போவார்.