ஓடுவதே சான்றாகுமா?

"இத்தனை ஆண்டு ஓடிய நிரலிற் பிழை இராது" என்பர் நம்மவருட் பலர். 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்த 'அன்னபூரணி'யைக் கட்டிய வல்வெட்டித்துறை ஓடாவிகள் இதனைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பர். ஓடிய கலத்தையன்றோ கரையேற்றிப் பலகைப் பொருத்துக்களைத் தட்டிப் பார்க்கவேண்டும்!

லினக்சின் நெகிழ்வட்டு இயக்கி 1991 முதல் வளர்ந்த நிரல். அதில் ஒருபுறம் ஒரு கட்டளைக்குரிய நினைவகம் விடுவிக்கப்படும். மறுபுறம், வட்டின் தலை நகர்ந்து முடிந்ததை அறிவிக்கும் இடையீட்டுப் பகுதி அதே இடத்தைத் தொடும். எது முந்தும் என்பது தற்செயல். 2022 இல் இது வெளிப்பட்டபோது, 5.17.6 பதிப்பில் அக்கட்டளை வகையையே இயல்புநிலையில் முடக்கிவிட்டனர். முப்பதாண்டு ஓட்டம் எதனை நிறுவிற்று?

"இடையிற் சிறிது தாமதம் இட்டாற் போதும்" என்போர் வேறு. அது போட்டியை அரிதாக்குமேயன்றி ஒழிக்காது. அரிதான பிழையோ பிடிபடுவதற்கு இன்னும் கடினம். நினைவகத்தைப் பயன்படுத்துவோரை எண்ணி, கடைசியானவர் விலகியபின் விடுவித்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கையும் இடையில் முறியாத ஒரே செயலாக மாறவேண்டும். 2022 திசெம்பரில் வெளியான 6.1 பதிப்பு ரஸ்ற் மொழிக்கு இடமளித்தது இவ்வுடைமை வினாவை எழுதும்போதே எழுப்பத்தான்.

நாமோ ஆய்வுகூடத்தில் நிரல் ஒருமுறை ஓடியதும் புள்ளியிடுகின்றோம். (யானும் இட்டவனே.) "இந்நினைவகம் யாருடையது, எதுவரை?" என்று எந்த மாணவரைக் கேட்டோம்?