ஏழு நாள் முகாம்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல் தோன்றியது. தொண்டர் ஒவ்வொருவரும் ஈராண்டில் 240 மணி நேரம் உழைத்தலும், ஏழு நாள் முகாமொன்றில் தங்குதலும் அதன் விதி.

சென்ற முகாமில் சிற்றூரொன்றின் குளக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டினோம். ஊரார் வேடிக்கை பார்த்தனர். அரிவாள் பிடிக்க எம்மினும் வல்லார் அவரேயன்றோ! வேரை அகழாது விட்டமையால் அது மறுமழைக்கே தழைக்கும். அது போகட்டும். மாலைதோறும் எம்மிடம் எழுத்துக்கூட்டிப் படித்த சிறுவர்கள் ஏழாம் நாள், "அக்கா, நாளைக்கும் வருவீங்களா?" என்று வினவினர். யான் விடை கூறாது பெட்டியைக் கட்டினேன்.

240 மணியைக் கல்லூரித் தோட்டத்திலும் ஊர்வலங்களிலும் கழிக்கின்றோம். அவற்றை அவ்வூருக்கே சனிதோறும் அளித்தல் வேண்டும். பேருந்துச் செலவு மிகும் என்பாருளர். அன்னார் நிறைவு விழாப் பந்தலின் செலவை முதற்கண் கணக்கிடுவாராக.