வருகைப்பதிவில் இல்லாதவர்கள்

ஐம்பதை நெருங்கும் வயதில் மனிதர்களை ஒரு நோய் பிடிக்கிறது. உடன் படித்தவர்களைத் தேடிப்பிடித்து, யார் எங்கே, என்ன உத்தியோகம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கும் நோய். புதுக்கடைச் சுற்றுவட்டாரத்தில், தொண்ணூறுகளின் நடுவில் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பட்டம் வாங்கிய எங்களுக்கும் இப்போது அது வந்திருக்கிறது. ஒரு திருமண மண்டபம், மதிய விருந்து, பெரிய பதவியில் இருப்போருக்குப் பொன்னாடை, கடைசியில் ஒரு குழுப் புகைப்படம். இத்தகைய சந்திப்புகள் கூடாது என்று சொல்லவரவில்லை. வாசலில் கேட்கப்படும் 'இப்போ என்ன பண்ணுற?' என்ற முதல் கேள்வியே பாதிப் பேரை வராமல் ஆக்கிவிடுகிறது என்பதே எங்கள் கட்சி.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளைத் திறமையின் கணக்காக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் தேதிகளின் கணக்கு. ஒரே பெஞ்சில் இருந்து படித்து, ஒன்றாகவே பி.எட். முடித்து, நாகர்கோவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தவர்களையே எடுத்துக்கொள்வோம். 2001 இறுதியில் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. அதற்கு முன்பே நுழைந்துவிட்டவருக்குப் பழைய ஓய்வூதியம் உறுதியாயிற்று. 1.4.2003-க்குப் பின் சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார். அதிலும் 2006 ஜூன் வரை தொகுப்பூதியம்தான். இவர்களுக்கும் பின்னால் நின்றவர்தான் பாவம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து மூப்பை வளர்த்துக்கொண்டிருந்தார். 2012-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. சேர்த்துவைத்த மூப்பு செல்லாத நாணயமாயிற்று. மூவரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். மதிப்பெண்ணில் மூன்றாமவரே முதலாமவராக இருந்ததும் உண்டு. மண்டபத்தில் பொன்னாடை முதலாமவருக்கு.

அரசு உத்தியோகத்தின் மீது எங்கள் ஊருக்கு இத்தனை மோகம் ஏன் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரியவர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. தமிழில் படித்த பிள்ளை தமிழகத்தில் ஒரு நாற்காலியில் அமர்வது என்பது எங்கள் தகப்பன்மாருக்கு வெறும் சம்பள விஷயமாக மட்டும் இருக்கவில்லை. அந்த நாற்காலி கிடைக்காத மகன் வீட்டில் தலைகுனிந்தே நடமாடினான். இன்றும் அப்படித்தான், தலைமுடி நரைத்த பிறகும்.

இனி, அவர்கள் என்ன ஆனார்கள்? பலர் வளைகுடாவுக்குப் போனார்கள். சிலர் அப்பனின் ரப்பர் தோட்டத்தை ஏற்றார்கள். 2011-இல் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் போன ஷீட், 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே வந்தது. பால்வெட்டுக்காரருக்குக் கூலி கொடுத்தால் மிஞ்சாது என்று தாமே கத்தி எடுத்தவர்களும் உண்டு. இன்னொரு வகையினரைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. மனைவி நர்ஸ், குவைத்திலோ சவுதியிலோ வேலை. பட்டதாரிக் கணவன் ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தான். பள்ளிக்கு அனுப்பினான், காய்ச்சலுக்குக் கண்விழித்தான், மகள் பெரியவளானபோது என்ன செய்வதென்று தெரியாமல் அக்காளைத் தேடி ஓடினான். பதினைந்து ஆண்டு இப்படி. மண்டபத்தில் மைக்கைக் கையில் கொடுத்தால் அவன் சொல்வது, "சின்னதா ஒரு பிசினஸ்." தான் செய்த வேலைக்கு நம் மொழியில் மரியாதையான ஒரு பெயர் இல்லாததால் சொல்லும் பொய் அது. மறுவருடம் அவன் வருவதில்லை.

பெண்களின் கதை இன்னும் மோசம். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். சந்திப்பில் ஐந்தாறு பேர் வந்தால் அதிகம். நம் கையில் இருக்கும் முகவரி தகப்பன் வீட்டு முகவரி. அவர்கள் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கட்டிக்கொடுக்கப்பட்டு, வேறு இனிஷியலோடு, பிள்ளைகளை மலையாளத்தில் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள். களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கம் அரைமணிப் பயணம். ஆனால் போய்த் தேட ஆளில்லை. துபாயில் இருப்பவரைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம்!

இலக்கிய நண்பர்கள் கூடும் இடம் என்பதால் ஒன்று சொல்லலாம். புதுக்கடைக்குப் பக்கத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வந்தது 1988-இல். சாகித்திய அக்காதெமி விருது 1997-இல். அவர் நாற்பதை எட்டிய வருடம் அவருடைய வகுப்புத் தோழர்கள் கூடியிருந்தால் பெயருக்கு நேரே என்ன எழுதியிருப்பார்கள்? 'வற்றல் வியாபாரம், திருநெல்வேலி.' பொன்னாடை நிச்சயம் வேறொருவருக்குத்தான். (எல்லா வற்றல் வியாபாரியும் நாவலாசிரியர் ஆகிவிடுவார் என்று இதற்குப் பொருளல்ல. ஆகாதவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பதுதான்.)

எனவே அடுத்த சந்திப்பை ஏற்பாடு செய்கிறவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். பொன்னாடையை விட்டுவிடுங்கள், அந்தப் பணத்தில் இரண்டுபேர் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைப் பக்கம் போய், பத்துப் பெண்களின் வீட்டைக் கண்டுபிடித்து நேரில் அழைக்கட்டும். சுய அறிமுகத்தில் பதவி வேண்டாம், ஊரும் பெயரும் போதும். மீதியைச் சாப்பாட்டுப் பந்தியில் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்கவே வைக்காதீர்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் தோதில்லை, விடியுமுன் பால்வெட்டப் போனவர் ஷீட் அடித்து முடித்துக் குளிக்கவே மதியம் ஆகிவிடும். மூன்று மணிக்கு வையுங்கள். விருந்து வேண்டாம், சாயாவும் பழம்பொரியும் போதும்.