பைக் இன்சூரன்ஸ்: பொலிஸுக்கா, வீட்டுக்கா?



கொஞ்சம் நீளமான பதிவு. பைக் வைத்திருக்கிற ஒவ்வொருவரும், அவர்களுடைய வீட்டுப் பெண்களும் வாசிக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

சென்ற வருடம் என் தங்கச்சி மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போகும்போது நாய் ஒன்று குறுக்கே பாய்ந்து பைக்கோடு விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அவர் மேசன். மூன்று மாதம் வருமானம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "இன்சூரன்ஸ் இருக்குத்தானே மச்சான், பைக்கையாவது செஞ்சி எடுக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து பத்திரத்தைப் பார்த்தேன். தேர்ட் பார்ட்டி. அந்த விபத்தில் மூன்றாம் ஆள் யாரும் இல்லை, நாயைத் தவிர. ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இதில் காப்புறுதிக் கம்பனியின் பிழை எதுவும் இல்லை. அவர் வாங்கியதே அவ்வளவுதான். வருட லைசன்ஸ் எடுக்க புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் வேண்டும். "ஆகக் குறைஞ்சது எது?" என்று கேட்டு வாங்கினார். நம்மில் பலரும் இதைத்தான் செய்கிறோம். பொலிஸ் மறித்தால் காட்ட ஒரு கடதாசி.

தேர்ட் பார்ட்டி கூடாது என்று சொல்ல வரவில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருப்பதற்கு நியாயம் இருக்கிறது. நம் பைக்கில் அடிபட்டு ஒருவர் காயப்பட்டாலோ மரணித்தாலோ அவருடைய குடும்பம் கைவிடப்படக் கூடாது. அது அடுத்தவருடைய ஹக். ஆனால் அது அடுத்தவருக்கான பாதுகாப்பு மட்டும்தான். ஓட்டுகிறவருக்கும் அவருடைய பைக்குக்கும் அதில் எதுவும் இல்லை.

அப்படியானால் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டால் எல்லாம் சரியா? பெயர்தான் ஃபுல். கையெழுத்து வைக்க முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கலவரமும் வெள்ளமும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு மேலதிகமாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று. 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கமும் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளமும் அப்படித்தான். கிழக்கில் இருக்கிற நாம் 2011 ஜனவரியை மறக்க முடியாது. இந்த இரண்டும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜன்ட் வாயால் சொல்வது பத்திரம் ஆகாது.

இரண்டாவது, பெறுமதி. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பைக் விலை எங்கே போனது என்று தெரியும். ஆனால் பலர் வாங்கிய காலத்து விலையையே வருடாவருடம் எழுதிக்கொண்டு போகிறார்கள். பிரீமியம் குறையும் என்ற எண்ணம். ஒரு கணக்குப் பாருங்கள். சந்தையில் ஆறு இலட்சம் பெறுமதியான பைக்கை மூன்று இலட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு இலட்சத்துக்குச் சேதம் வருகிறது. விகிதப்படி குறைக்கும் விதி உங்கள் பத்திரத்தில் இருந்தால் பாதிப் பெறுமதிக்குப் பாதி நட்டஈடு, ஐம்பதாயிரம்தான். அதிலிருந்தும் 'எக்ஸஸ்' என்று நம் பங்கை வெட்டுவார்கள். கூட்டி எழுதினாலும் இலாபம் இல்லை. சந்தை விலைக்கு மேல் தர மாட்டார்கள். இப்போது இறக்குமதி திறந்திருப்பதால் விலை மாறிக்கொண்டே இருக்கும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய விலையை விசாரித்து எழுதுங்கள்.

மூன்றாவது, யார் ஓட்டுவது. ஓர் ஆசிரியராக இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஓ.எல். படிக்கிற பிள்ளை வாப்பாவின் பைக்கில் டியூஷனுக்கு வருகிறான். ஹெல்மட் இல்லை, லைசன்ஸ் இல்லை, பின்னால் இரண்டு கூட்டாளிமார். கேட்டால் "ஊருக்குள்ளதானே சேர்" என்கிறார் வாப்பா. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், நீங்கள் கட்டிய ஃபுல் இன்சூரன்ஸும் உங்கள் பைக்குக்குக் கை கொடுக்காது. பிள்ளையின் உயிரைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

நான்காவதுதான் மிக முக்கியமானது. ஓட்டுகிறவரின் உயிரும் உடம்பும். ஃபுல் எடுப்பவர்களும் பைக்கின் கண்ணாடிக்கும் டேங்குக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அதை ஓட்டுகிற ஆள் விழுந்தால் வீட்டுக்கு என்ன வரும் என்று கேட்பதில்லை. தனிநபர் விபத்துக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது. பைக் பத்திரத்தோடு சேர்த்தும் எடுக்கலாம், தனியாகவும் எடுக்கலாம். மரணத்துக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் எவ்வளவு, படுக்கையில் கிடக்கிற நாட்களுக்கு ஏதும் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். பைக் பழையதா, பெறுமதி குறைவா? தேர்ட் பார்ட்டியே போதும். மிச்சம் பிடிக்கிற காசில் ஓட்டுகிறவருக்கு விபத்துக் காப்புறுதி எடுங்கள். பைக் புதியதா? போனால் திரும்ப வாங்க முடியாதா? ஃபுல் எடுங்கள், மேலே சொன்ன நான்கையும் பார்த்து எடுங்கள். லீசிங் என்றால் எப்படியும் ஃபுல் போடச் சொல்வார்கள். அது முதலில் அவர்களுடைய காசுக்கான பாதுகாப்பு. உங்கள் வீட்டுக்கானதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

"இன்சூரன்ஸ் ஹராம்தானே" என்று சிலர் கேட்பீர்கள். அந்தப் பேணுதலை மதிக்கிறேன். அதற்காகத்தான் தகாஃபுல் இருக்கிறது. உங்கள் பள்ளி ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். ஆனால் தகாஃபுல் என்ற பெயரைப் பார்த்துவிட்டு வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அங்கேயும் நிபந்தனைகள் உண்டு. அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு, ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை நான் நினைவூட்டத் தேவையில்லை.

ஊரில் ஒரு மௌத் நடந்தால் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரித்துச் சேர்க்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த ஈரம் நம்மிடம் இருக்கட்டும். ஆனால் அந்தத் துண்டில் விழுவது எத்தனை மாதத்துக்குப் போதும்? பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருவன் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறான். அவனுடைய வெற்றுக் கதிரையை வகுப்பில் பார்ப்பது நாங்கள்தான்.

இன்று இரவு அலுமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விளங்காவிட்டால் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்திருந்து வாசிப்போம்.

தங்கச்சி மாப்பிள்ளை இப்போது நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். பைக் இன்னும் வீட்டுக்குப் பின்னால் சாக்கால் மூடியபடி கிடக்கிறது.

வஸ்ஸலாம்.