சிறுதேர்

கல்லூரி மாணவன் பொம்மை மோட்டார் செய்து காலங்கழிப்பதாவென நகைப்பார் பலர். அன்னார் குறுந்தொகை 61-ஆம் பாட்டை நோக்குவாராக. தச்சன் செய்த சிறுவண்டியில் சிறார் ஏறிச் செல்லார், ஈர்த்தே இன்புறுவர். பட்டினப்பாலைச் சிறுதேர்க்கு உருளை மூன்று. 1886-இல் பென்ஸ் என்பார் காப்புரிமை பெற்ற மோட்டாருக்கும் மூன்றே!

சித்தன்னவாசல் காண வருவோரை ஏற்றிச் சென்ற என் தாய்மாமனாரின் அம்பாஸிடர் சென்ற கோடையிற் பழைய இரும்பாய் விலைப்பட்டது. 2014-இல் அவ்வண்டியின் ஆக்கமே நின்றுவிட்டதன்றோ? அது போகுமுன் ஈரிரவு விளக்கேற்றி நூல்பிடித்து அளந்தேன். 4.3 மீட்டர் நீளம், இருபத்துநாலில் ஒரு பங்காக, 18 சென்டிமீட்டராயிற்று. முன்விளக்கின் வளைவு மட்டும் மும்முறை பிழைத்தது. பத்தாண்டு அதில் ஏறித் திரிந்தும் அவ்வளைவை யான் கண்டிலேன் என அப்பொழுதே உணர்ந்தேன்.

அறிவர் கோயில் விதானத்தில் தாமரைப் பொய்கை எழுதியோன் மீனையும் எருமையையும் விட்டானல்லன். அவன் கண்ட குளம் எதுவோ. எழுதிய குளம் உளது. அரசர் ஏறிய மோட்டார்களைச் செல்வர் பேணுவர். வாடகை வண்டிகளைப் பேணுவார் யார்? நம் கல்லூரியில் இதற்கென ஒரு மேசையும் இரண்டு அரமும் வேண்டுகின்றேன். என் வண்டிக்கு இன்னும் பின்கதவு பொருத்தவில்லை.