முதலில் கடன், பிறகு மாபிள்

கனடாவில இருந்து லீவில வாற சொந்தக்காரர் சிலர் சொல்லுவினம்: "வீட்டு மோட்கேஜைக் கட்டி முடிச்சிட்டம். ஐம்பத்தைஞ்சில வேலையை விடப்போறம்." கேட்கச் சந்தோசம்தான். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எங்கட கதை வேறு. பல வீடுகள் சீதனமாக வந்தவை. அவற்றுக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் வேறு இடத்தில் கிடக்கு: அடைவு வைத்த தாலிக்கொடியில, படகு எஞ்சினில, கிழமைக்கு ஒருக்கா வாசலுக்கு வாற நுண்கடனில.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கடலுக்குப் போறதுக்கே கைமாத்து வாங்கவேண்டி வந்தது. ஊழியர் சேமலாப நிதி சம்பளக்காரருக்கு உண்டு. சொந்தப் படகில் தொழிலுக்குப் போறவருக்கு இல்லை. ஆகவே கடன் இருக்கும்வரை அறுபதிலும் அப்பாமார் வலையோடுதான் நிற்பினம்.

2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. நல்ல விசயம். ஆனால் இன்னொரு தள்ளுபடியை நம்பி முதுமைக்குத் திட்டம் போட ஏலாது.

வெளிநாட்டுக் காசு வந்தால் முதலில் வட்டி கூடின நுண்கடனை முடிக்கவேணும். அடுத்தது அடைவு நகை. மதிலும் மாபிளும் அதுக்குப் பிறகு. "மதில் இல்லாட்டி பெட்டை பார்க்க வாறவை என்ன நினைப்பினம்?" எண்டு அம்மாமார் கேட்பினம். அந்தக் கவலை எங்களுக்கும் விளங்குது. ஆனால் அப்பாவின்ர முழங்கால் மதில் கட்டி முடியும்வரை பொறுக்காது.